பையனைக் காட்டப் போனோம், எங்களை எதற்கு உட்காரச் சொல்கிறார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். 9 வயதுப் பையன், நாலாம் வகுப்பு. பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்து காலையில் வயிற்று வலி, வாரத்தில் பாதி நாள் லீவு. குழந்தை மருத்துவர் ஸ்கேன் வரைக்கும் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடம்பில் ஒன்றுமில்லை, ஒரு சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அந்த சைக்காலஜிஸ்ட் அம்மா மூன்று வாரம் பையனோடு பொம்மை வைத்து விளையாடினார். நாலாவது வாரம், "அடுத்த தடவை நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள், பாட்டியும் வந்தால் நல்லது" என்றார். உங்கள் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வலி அவனுக்கு, வைத்தியம் எனக்கா?" இது காசு பிடுங்கும் வேலையா, விளையாடுவதெல்லாம் சிகிச்சையா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் "நாங்கள் என்ன தப்பு பண்ணினோம்" என்ற வரி நீங்கள் எழுதியதில் இரண்டு இடத்தில் வருகிறது. நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். திருச்சியில் 22 வருடம் குழந்தைகளையும் குடும்பங்களையும் பார்த்தேன். இப்போது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் உட்காருகிறேன். உங்கள் பையனை நான் பார்த்ததில்லை. அதனால் அவனுக்கு என்ன என்று என்னால் சொல்ல முடியாது, அப்படி யாராவது எழுதியதை மட்டும் படித்துவிட்டுச் சொன்னால் நம்பவும் வேண்டாம். இந்த மாதிரி பிள்ளைகள் வரும்போது எங்கள் அறைக்குள் என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்று சொல்ல முடியும்.

முதலில் அந்த வலி. பையன் நடிக்கவில்லை. பயம் வந்தால் நம் ஊரில் "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்கிறோம், "அடிவயிறு கலங்குது" என்கிறோம். சும்மா சொல்லி வைக்கவில்லை. மூளைக்கும் குடலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சேதி போய்வருகிறது. பதற்றத்தில் குடலின் அசைவு மாறும், சாதாரண அசைவையே வலியாக உணரும் கூர்மையும் கூடும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, ஆனாலும் வலிக்கும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, எந்திரி" என்று அவனிடம் சொல்லியிருந்தால் இனி சொல்லாதீர்கள். தன்னை யாரும் நம்பவில்லை என்று ஆகிவிட்டால் பிள்ளை வலியை நிரூபிக்கத்தான் பார்க்கும். ஆனால் மறுபக்கம் ஒன்று உண்டு. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம், திரும்பத் திரும்ப வாந்தி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தொப்புளைச் சுற்றி இல்லாமல் எப்போதும் ஒரே ஓரத்தில் வலி, இவற்றில் எது வந்தாலும் மனசு, குடும்பம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு மறுபடி மருத்துவரிடம் போங்கள். ஒரு தடவை ஸ்கேன் எடுத்தாயிற்று என்பது ஆயுளுக்கும் சான்றிதழ் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வலி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த அம்மா கண்டிப்பாகக் கேட்டிருப்பார். சனி, ஞாயிறு இல்லாமல் திங்கள் காலையில் மட்டும் வரும் வலி எங்களுக்குப் பாதி சேதி சொல்லிவிடும். அப்போதும் பாதிதான். பள்ளிக்கூடத்தில் பயப்பட ஏதோ இருக்கிறதா, இல்லை வீட்டை விட்டுப் போகப் பயமா என்பது அதில் தெரியாது. இரண்டும் காலை 7 மணிக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இந்த இடத்தில்தான் குடும்பம் உள்ளே வருகிறது. 7 மணிக்கு வலி. 8 மணிக்கு அழுகை. எட்டரைக்கு யாராவது ஒருவர், "சரி, இன்னைக்கு வேணாம், நாளைக்குப் போகட்டும்" என்கிறார். வேன் தெருமுனை திரும்பும் சத்தம் கேட்டதும் வலி குறைகிறது. அந்த நிம்மதி இருக்கிறதே, அதுதான் ஆசிரியர். போகாமல் இருந்தால் பயம் போய்விடும் என்று ஒவ்வொரு காலையும் அது பாடம் நடத்துகிறது. அப்புறம் பத்து மணிக்கு ஹார்லிக்ஸ், பதினொன்றுக்கு பாட்டியின் மடி, மத்தியானம் போன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, வலிக்கிற பிள்ளைக்கு யார்தான் செய்ய மாட்டார்கள்? ஆனால் ஒவ்வொரு லீவும் அடுத்த நாளைக் கொஞ்சம் கடினமாக்கும். போர்டில் விட்டுப்போன கணக்கு, "ஏன்டா வரல" என்று கேட்கும் பக்கத்து பெஞ்சு, எல்லாம் சேர்ந்துகொள்ளும். தொடங்கியபோது இருந்த காரணம் ஒன்று, இரண்டு மாதம் கழித்து அதைத் தாங்கிப் பிடிக்கும் காரணம் வேறொன்று. குழந்தைகளின் பயம் பற்றி எங்கள் துறைக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று: தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். காலை 7 மணிக்கு உங்கள் வீட்டில் அந்த சைக்காலஜிஸ்ட் இருக்கப்போவதில்லை. நீங்கள் மூன்று பேரும்தான் இருப்பீர்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். 8 வயது, உங்கள் பையனைப் போலவே காலை வலி. என் அறையில் மரத்தாலான ஒரு பொம்மை வீடு உண்டு. அவன் வந்ததும் அதன் வாசலில் ஒரு ஆட்டோவைக் குறுக்கே நிறுத்துவான். அம்மா பொம்மையைக் குளியலறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவான். அப்புறம்தான் மற்ற விளையாட்டு. முதல் வாரம் நான் கவனிக்கவே இல்லை, ஆட்டோ பிடித்த பிள்ளை என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம், "ஆட்டோ ஏன் அங்கேயே நிக்குது?" என்று கேட்டேன். "யாரும் வெளிய போகக் கூடாது" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இதை வைத்து நான் என்ன முடிவு எடுப்பது? அம்மா போய்விடுவாளோ என்ற பயமாக இருக்கலாம். யாரோ வீட்டுக்குள் வந்துவிடுவார்கள் என்ற பயமாக இருக்கலாம். அம்மாமேல் கோபமாக இருக்கலாம். முந்தின நாள் பார்த்த சினிமாவாகவும் இருக்கலாம். விளையாட்டு எனக்கு ஒரு ஊகத்தைத் தந்தது. அந்த ஊகம் சரியா என்று சொல்ல வேண்டியவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா அம்மாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது சந்திப்பில்தான் வந்தது. எப்போதோ ஒரு நாள் ராத்திரி சண்டை. "நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்று அந்த அம்மா பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறார். போகவில்லை, காலையில் பெட்டி பரணுக்குப் போய்விட்டது, இருவரும் அதை மறந்தே போனார்கள். மறுநாள் பையன் பள்ளிவிட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தார். ஒரு இருபது நிமிடம் அவன் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்களுக்கு அது ஒன்றுமே இல்லாத இருபது நிமிடம். அந்தப் பெற்றோர் செய்த தப்பு என்ன? சண்டை போடாத வீடு எங்கே இருக்கிறது? பையன் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்த பிறகு செய்தது சின்ன விஷயங்கள். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று இருவரும் சேர்ந்து அவனுக்குச் சொன்னார்கள். "போயிடுவேன்" என்ற வார்த்தை அந்த வீட்டில் நின்றது. கொஞ்ச நாள் அப்பா கொண்டுபோய் விட்டார், அம்மா தினமும் ஒரே நேரத்தில் வாசலில் நின்று கூட்டிக்கொண்டார். இதோடு படிப்படியாகப் பள்ளிக்கு அனுப்பும் வேலையும் நடந்தது. ஒன்றரை மாதத்தில் முழு வாரம் போனான். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே வலியோடு வந்த வேறு பிள்ளைகளுக்குக் காரணம் நாறுகிற பள்ளிக் கழிப்பறையாக இருந்திருக்கிறது, வேனில் கிள்ளுகிற ஒரு பெரிய பையனாக இருந்திருக்கிறது, யாரும் கண்டுபிடிக்காத வாசிப்புக் குறைபாடாக இருந்திருக்கிறது.

உங்கள் கணவரின் கோபத்துக்கு வருகிறேன். அவருக்கு அது தெரியாமல் இருக்கலாம், ஆனால் அந்தக் கோபத்துக்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது. எங்கள் துறை பெற்றோரை, அதிலும் அம்மாக்களை, ரொம்ப காலம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 1940களில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல், ஆட்டிசம் வருவதற்குப் பாசமில்லாத, ஃப்ரிட்ஜ் போலக் குளிர்ந்த அம்மாதான் காரணம் என்று பெரிய பெரிய நிபுணர்கள் எழுதினார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனநல மருத்துவர் மனச்சிதைவையே, அதாவது ஸ்கிசோஃப்ரினியாவையே, உண்டாக்கும் அம்மா என்று ஒரு வகையைச் சொன்னார். இரண்டுமே தப்பு. ஆட்டிசம் பற்றிய கதையை 1964இல் உடைத்தவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அவர் உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பாவும்கூட. அதற்குள் எத்தனை அம்மாக்கள் தங்களைத் தாங்களே சபித்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார்களோ. அதனால் ஒரு சைக்காலஜிஸ்ட் உங்களை உட்காரவைத்து, "இதெல்லாம் உங்கள் வளர்ப்பால் வந்தது" என்கிற மாதிரிப் பேசினால் எழுந்து வரலாம். நீங்கள் எழுதியதில் உங்கள் சைக்காலஜிஸ்ட் அப்படிச் சொன்னதாக இல்லை. "பிரச்சினை பையனோடு மட்டும் முடிகிற மாதிரித் தெரியவில்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார். அது வேறு பேச்சு. வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் எல்லார் சமையலும் மாறுகிறது. சமைத்தவரால் சர்க்கரை வந்தது என்று யாரும் சொல்வதில்லை.

குடும்பத்தைக் கூப்பிடுவது வெளிநாட்டு நாகரிகம் என்றும் உங்கள் கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் என்பவர் நோயாளிகளின் வீட்டாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள், எப்படி நடத்துவது என்று கற்றுக்கொண்டு ஊருக்குக் கூட்டிப் போனார்கள். நம் வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவும் வீட்டார் கூடவே தங்கும் வழக்கத்தை ஆரம்ப காலத்திலிருந்தே வைத்திருந்தது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் சால்வடார் மினுசின் போன்றவர்கள் குடும்ப சிகிச்சையை ஒரு தனி முறையாக வளர்த்தது இதற்குப் பிறகுதான் பெரிதாகத் தெரியவந்தது. அவரிடமிருந்து நாங்கள் கற்றது நிறைய, அவரும் சில இடங்களில் அளவுக்கு மீறிப் போனார். உடம்பில் நோயாகக் காட்டும் பிள்ளைகளுக்கென்று ஒரு குறிப்பிட்ட வகைக் குடும்பம் உண்டு என்ற அவருடைய கருத்தைப் பிற்கால ஆய்வுகள் தாங்கவில்லை. வீட்டாரைச் சேர்த்துக்கொண்டால் சிகிச்சை சுலபமாகிறது என்பது மட்டும் பல பிரச்சினைகளில் நின்றது.

அந்த அறையில் உங்களை உட்காரவைத்து உங்கள் சைக்காலஜிஸ்ட் என்ன செய்வார்? பெரும்பாலும் பார்ப்பார். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், கேள்வி கேட்டால் பையன் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறான், அப்பா பேசத் தொடங்கும்போது அம்மா பெருமூச்சு விடுகிறாரா, பாட்டி சொன்னதும் எல்லாரும் அடங்குகிறார்களா. அப்புறம் சுற்றி வளைத்துக் கேட்பார். "காலையில் இவன் அழும்போது பாட்டி என்ன நினைக்கிறார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று உங்கள் கணவரிடம் கேட்கலாம். கிண்டல் மாதிரி இருக்கும். ஆனால் ஒரே வீட்டில் பத்து வருடம் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்கு முழிப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்பாக்கள் முதல் நாள் நாற்காலி நுனியில், கையில் பைக் சாவியோடு உட்காருவார்கள். அனேகமாக மூன்றாவது சந்திப்பில், "சரி மேடம், நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணிடறேன்" என்பார்கள். அந்த வாக்கியத்துக்காக நான் காத்திருப்பேன்.

விளையாட்டு சிகிச்சையா என்ற கேள்விக்கு என் பதில் கொஞ்சம் நீளும். 9 வயதுப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, "உனக்கு என்ன கவலை?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். பொம்மை, களிமண், சொப்புச் சாமான், டாக்டர் செட், மணல் தட்டு இவை அவனுக்குப் பேச்சு. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1940களில் இதற்கு ஒரு ஒழுங்கைக் கொடுத்தார். பிள்ளை முன்னால் போகட்டும், பெரியவர் பின்னால் வரட்டும் என்பது அதன் சாரம். அந்த 45 நிமிடத்தில் அவனை யாரும் திருத்துவதில்லை, அவசரப்படுத்துவதில்லை. அதனாலேயே சில பிள்ளைகள் லேசாகிறார்கள். ஆனால் ஆதாரம் என்று கேட்டால் நான் பிரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பயத்துக்கும் பதற்றத்துக்கும் மிகப் பலமான ஆதாரம் உள்ளது அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு. சி.பி.டி. என்று சொல்வார்கள். பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக எதிர்கொள்ள வைப்பதுதான் அதன் முதுகெலும்பு. விளையாட்டு சிகிச்சை பயன்படுவதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு, ஆனால் அவை அளவில் சிறியவை, அவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டவை இல்லை. அதனால் நான் விளையாட்டை வாசலாக வைத்துக்கொள்வேன், உள்ளே போய்ச் செய்யும் வேலை சி.பி.டி.யாக இருக்கும். மூன்று வாரம் விளையாட்டு என்பது சரியான அளவுதான். பெற்றோருடன் ஒரு பேச்சும் இல்லாமல், பள்ளியைப் பற்றி ஒரு திட்டமும் இல்லாமல் ஆறு மாதம் விளையாட்டே ஓடினால் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். உங்கள் சைக்காலஜிஸ்ட் நாலாவது வாரமே உங்களைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு அது நல்ல அறிகுறியாகத்தான் படுகிறது.

படம் வரையச் சொன்னதையும் கேட்டிருந்தீர்கள். வீடு, மரம், மனிதன் வரையச் சொல்வது எங்கள் பழைய வழக்கம். பேச்சைத் தொடங்க அது உதவும். ஆனால் கறுப்புக் கலர் எடுத்தால் மனச்சோர்வு, கை வரையாவிட்டால் அடி வாங்குகிறான் என்றெல்லாம் படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்வதற்கு நம்பத்தக்க ஆதாரம் கிடையாது. சில நேரம் பெட்டியில் கறுப்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

பாட்டியை எதற்கு என்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்வதே சுருக்கம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பெண் குழந்தைக்கு இதே பிரச்சினை. அப்பா அம்மா இருவரையும் வைத்து அழகாகத் திட்டம் போட்டேன். லீவு நாளில் டி.வி. கிடையாது, போன் கிடையாது, பள்ளி நேரம் முடியும்வரை பாடப் புத்தகம்தான் என்று. நாலு மாதம் ஒன்றும் நகரவில்லை. இருவரும் காலை எட்டரைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள், பகல் முழுக்கக் குழந்தை தாத்தா பாட்டியோடு. அவர்களுக்கு என் திட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பாவம் உடம்பு முடியாத பிள்ளை என்று அவர்கள் சீராட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பாட்டி ஒரு நாள் துணைக்கு வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்து, "இதை எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். அதற்குப் பிறகு மூன்றே வாரம். யார் பகலில் பிள்ளையோடு இருக்கிறாரோ அவர்தான் பாதி சிகிச்சையாளர். முதல் சந்திப்பிலேயே அதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

இன்னொரு பயம் உங்கள் எழுத்தில் சொல்லாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். பையனைப் பற்றிப் பேசப் போய், உங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது மேஜைக்கு வந்துவிடுமோ என்பது. வரலாம். பிள்ளைக்காக வந்த தம்பதிகள் கொஞ்ச நாளில் தங்களுக்காகப் பேசத் தொடங்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி ஆனால் பையனைப் பார்க்கும் அதே ஆள் தம்பதி சிகிச்சையும் செய்யலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நான் வேறு ஒருவரிடம் அனுப்பிவிடுவேன். பிள்ளைக்கு அந்த அறை தன்னுடையதாக இருக்கட்டும். தம்பதிகளைப் பற்றி ஜான் காட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சொன்ன நாலு விஷயங்கள் ரொம்பப் பிரபலம்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கும் தற்காப்பு, வாயை மூடிக்கொண்டு சுவராகிவிடுவது. இதில் இளக்காரம்தான் மிக மோசமான அறிகுறி என்றார். "உங்க வீட்டு வளர்ப்பு அப்படி" என்ற ஒரே வாக்கியம் ஒரு வருடச் சமாதானத்தைக் கெடுப்பதைப் பார்த்த எனக்கு அது சரியாகவே படுகிறது. ஆனால் இவற்றை வைத்து யார் விவாகரத்துக்குப் போவார்கள் என்று 90 சதவீதத்துக்கு மேல் கணிக்கலாம் என்று பரவிய பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். முடிவு தெரிந்த தம்பதிகளுக்குப் பின்னோக்கிப் பொருத்திய சூத்திரம் அது என்று மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது சரியான வழி இல்லை. அறையில் வாய் திறந்ததற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அப்படி இருந்தால் உங்கள் சைக்காலஜிஸ்ட்டிடம் தனியாக நேரம் கேளுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண்ணும் இருக்கிறது.

சொன்னதெல்லாம் வெளியே போகுமா? 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. பள்ளிக்கு ஏதாவது எழுதித் தருவதென்றால் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். பையன் சொன்னதையெல்லாம் சைக்காலஜிஸ்ட் உங்களிடம் ஒப்பிக்கவும் மாட்டார், அதில் வருத்தப்படாதீர்கள். பிரித்துச் சொல்வார். உயிருக்கு ஆபத்து என்றால் உங்களிடம் மறைக்க மாட்டார். குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அவர் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், வீட்டார் வேண்டாம் என்றாலும்கூட. பள்ளிக்குப் போக மறுக்கும் எந்தப் பிள்ளையிடமும் இந்தச் சாத்தியத்தை நாங்கள் மனதுக்குள் ஒரு தடவை கேட்டுக்கொள்வோம். பெரும்பாலும் அது இருக்காது. கேட்காமல் விட முடியாது.

காசுக்கு வருகிறேன். பெற்றோருடன் ஒரு மணி நேரம் பேசுவதும் அவருக்கு வேலை நேரம்தான், அதற்குக் கட்டணம் வாங்குவதில் தவறில்லை. முன்கூட்டியே சொல்லாமல் வாங்கினால் தவறு. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. இங்கே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பெரும்பாலானவர்கள் மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.பில். முடித்தவர்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். ஆறு மாத கவுன்சலிங் டிப்ளமோவோடு எல்லா நோய்க்கும் போர்டு மாட்டியிருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இன்னொன்று, எங்களால் மருந்து எழுத முடியாது. சைக்காலஜிஸ்ட் மாத்திரை கொடுத்தால் அங்கேயே எச்சரிக்கை. மருந்து தேவை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கட்டணம் தாங்க முடியவில்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல சேவையின் 14416 எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம். அது முதல் படிக்குப் போதும், பையனோடு வாரா வாரம் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஈடாகாது.

அடுத்த சந்திப்பில் நீங்களும் கேளுங்கள். இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எத்தனை வாரத்தில் என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? மாறவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? இந்த மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்கலாம். நாலாம் வகுப்பு என்பதால் வாசிப்பையும் எழுத்தையும் சோதித்தாரா என்றும் கேளுங்கள். மூன்றாம் வகுப்பு வரை மனப்பாடத்தில் தப்பித்துவந்த பிள்ளைகள் பத்தி பத்தியாக வாசிக்க வேண்டிய இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். கற்றல் குறைபாடு இருந்தால் பயத்துக்கு மட்டும் செய்யும் சிகிச்சை நிற்காது. பள்ளிக்குத் திரும்புவதை எப்படித் தொடங்குவது என்பதில் அவர் சொல்வதைக் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் முழு நாள் சரிவரும், சிலருக்கு முதல் வாரம் இரண்டு பீரியட், அப்புறம் மதியம் வரை. எது யாருக்கு என்று முன்னாலேயே சொல்ல என்னிடம் வாய்ப்பாடு இல்லை. அந்தந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் எடுப்பேன், சில நேரம் தப்பாகவும் எடுத்திருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் நடுவில் ஒரு நாள் அழுகை பார்த்து மனசு இளகிக் கூட்டிவந்துவிடுவது மட்டும் வேலையைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக, மாமியாரை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள், "உங்களுக்கும் கவுன்சலிங்காம்" என்று சொன்னால் வீடு ரெண்டாகிவிடும் என்று. அப்படிச் சொல்லாதீர்கள், உண்மையும் அது இல்லை. உங்கள் கணவர் சொல்வதைவிட நீங்கள் சொல்வதே நல்லது. "அத்தை, பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கிறது நீங்கதான். அவன் எப்ப வலிக்குதுன்னு சொல்றான், எப்ப மறந்துட்டு விளையாடறான்னு எங்களவிட உங்களுக்குத்தான் தெரியும். அந்தம்மா அதை உங்க வாயால கேக்கணும்னு சொல்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள். வருவார். வரும்போது ஒரு பையில் அவனுக்கு முறுக்கும் கொண்டுவருவார். அதையும் அந்த அம்மா கவனிப்பார்.